சுவரோர மில்லிமீட்டர்

1930களின் தொடக்கத்தில், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், யோஹான் நிக்குராட்சே என்ற ஆய்வாளர் குழாய்களின் உட்சுவரில் மணல் ஒட்டிக்கொண்டிருந்தார். முதலில் குழாய் முழுக்க நீர்த்த ஜப்பானிய வார்னிஷை நிரப்பி வடித்துவிடுவார்கள். அரை மணி நேரம் போல விட்டுவைத்து, ஒரே அளவாகச் சலித்தெடுத்த மணலைக் குழாய் நிறையக் கொட்டி, பிறகு அதையும் வெளியே தள்ளிவிடுவார்கள். பசையில் பிடித்த மணிகள் மட்டும் சுவரில் தங்கும். ஓடுகிற தண்ணீர் அவற்றைப் பெயர்த்துக்கொண்டு போய்விடாதபடி மேலே இன்னொரு பூச்சு. ஒவ்வொரு மணல் அளவுக்கும், ஒவ்வொரு குழாய் விட்டத்துக்கும் இதே வேலை. மிகக் கரடான குழாயின் ஆரம் மணல்மணியைப் போல 15 மடங்கு. கரடு மிகக் குறைந்ததில் 507 மடங்கு.

அதன் பிறகு தண்ணீரை ஓடவிட்டு, மெல்லிய நுனி கொண்ட பிட்டோ குழாய் என்ற வேகம் அளக்கும் கருவியை நடுவிலிருந்து சுவரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் வேகத்தைக் குறித்தார். வழவழப்பான குழாய்களின் முடிவுகள் 1932-இல் வெளிவந்தன; மணல் ஒட்டிய குழாய்களின் முடிவுகள் 1933-இல். பழைய வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றின் உட்புறம் எவ்வளவு கரடாக இருக்கிறது என்று சொல்ல, எந்த அளவு மணல் ஒட்டிய குழாய்க்கு அது சமம் என்று சொல்வதுதான் பொறியாளர்களின் இன்றைய வழக்கமும். ஊருக்குக் குடிநீர் கொண்டுவரும் குழாய்க்குப் பம்பு தேர்ந்தெடுக்கிற கணக்கிலும் அந்த மணல் ஒளிந்திருக்கிறது.

இவ்வளவு மெனக்கெட்டு நிக்குராட்சே தேடியது ஒரு வளைகோட்டை. குழாயின் நடுவிலிருந்து சுவர் வரை வேகம் எப்படிக் குறைந்துகொண்டே போகிறது என்பதைக் காட்டும் கோடு அது.

குழாயில் தண்ணீர் என்ன வேகத்தில் போகிறது என்று கேட்டால் பொதுவாக ஒரே எண்தான் பதிலாக வரும். ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் வருகிறது என்று பிடித்துப் பார்த்து, குழாயின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் அது கிடைத்துவிடும். அது சராசரி. உண்மையில் அந்தச் சராசரி வேகத்தில் ஓடும் தண்ணீர் குழாய்க்குள் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே இருக்கிறது. நடுவில் இருப்பது அதைவிட வேகமாகப் போகிறது. சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பது நகர்வதே இல்லை. தண்ணீர் அடுக்கடுக்காக, ஒன்றோடொன்று கலக்காமல் வழுக்கிப் போகும் வரிச்சீர் ஓட்டத்தில் இந்த வேகப் பரவல் துல்லியமான பரவளையம். நடுவில் உள்ள வேகம் சராசரியைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. கொந்தளிப்பான ஓட்டத்திலோ வளைகோட்டின் நடுப்பகுதி தட்டையாகிவிடும்; சராசரி வேகம் நடு வேகத்தில் ஏறக்குறைய 82 சதவீதம். ஆகவே நடுவில் ஒரே ஓர் இடத்தில் அளந்துவிட்டு மொத்த ஓட்டத்தைக் கணக்கிட முனைகிறவர், உள்ளே எந்த வகை ஓட்டம் நடக்கிறது என்பதை அறியாவிட்டால் பெரிய பிழையில் போய் விழுவார்.

வட்டத்தின் பரப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. குழாயின் குறுக்குப் பரப்பில் சரிபாதி, சுவரை ஒட்டிய 29 சதவீத ஆரத்துக்குள் அடங்கிவிடுகிறது. பார்வை இயல்பாகக் குழாயின் நடுவுக்குப் போகும். கணக்கு சுவரோரத்துக்குப் போகிறது.

எவ்வளவு ஓரம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 10 செ.மீ. விட்டமுள்ள வழவழப்பான குழாயில் தண்ணீர் சராசரியாக நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு மாடித் தொட்டிக்கு ஏறும் குழாயைவிடப் பெரிது. அபூர்வமான ஓட்டம் ஒன்றுமில்லை. இதில் சுவரிலிருந்து முதல் 0.1 மி.மீ. மட்டுமே பாகுநிலை முழுதாக ஆட்சி செய்யும் மெல்லிய படலம். அந்தப் படலத்தின் வெளி விளிம்பிலேயே வேகம் நொடிக்கு 24 செ.மீ.யைத் தொட்டுவிடுகிறது. சுவரிலிருந்து 0.6 மி.மீ. தள்ளிப் போனால் 64 செ.மீ. குழாயின் நடுவிலோ சுமார் 120 செ.மீ. அதாவது 50 மி.மீ. நீளமுள்ள ஆரத்தில் முதல் 0.6 மி.மீ.க்குள்ளேயே வேகம் பாதிக்கு மேல் ஏறிவிடுகிறது. எஞ்சிய 49 மி.மீ.யில் மீதி ஏற்றம். உராய்வு எவ்வளவு, பம்பு எவ்வளவு மின்சாரம் இழுக்கும், வெப்பம் சுவரிலிருந்து தண்ணீருக்கு எவ்வளவு விரைவாகப் போகும் என்பதெல்லாம் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் முடிவாகின்றன. கருவியை நுழைக்க மிகக் கடினமான இடமும் அதுதான். குழாய் ஓட்ட அளவீட்டின் வரலாற்றைச் சுவரை நெருங்குவதற்கான முந்நூறு ஆண்டு முயற்சியாகவே வாசிக்கலாம்.

முதல் கருவி ஆற்றுக்காகச் செய்யப்பட்டது. 1732-இல் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் ஆன்றி பிட்டோ இரண்டு கண்ணாடிக் குழாய்களைப் பக்கம்பக்கமாக இறக்கினார். ஒன்று நேரானது. மற்றதன் கீழ்முனை செங்கோணமாக வளைந்து நீரோட்டத்தை எதிர்நோக்கியிருந்தது. ஓடிவரும் நீர் வளைந்த குழாயின் வாயில் மோதி நின்றுவிட, அதில் நீர்மட்டம் உயர்ந்தது. இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு வேகத்தின் இருமடிக்கு ஏற்றபடி கூடும். ஆழம் போகப் போக நீரின் வேகம் கூடும் என்று அந்தக் காலத்துப் பொறியாளர்கள் பலர் நம்பியிருந்தார்கள். மேலே உள்ள நீரின் எடை கீழே உள்ளதைத் தள்ளுகிறது என்பது அவர்கள் வாதம். பிட்டோ இறக்கிய குழாய் நேர்மாறாகக் காட்டியது: அடியை நெருங்க நெருங்க வேகம் குறைந்தது. ஆற்றின் அடித்தளமும் ஒரு சுவர்தானே.

அந்தக் கருவியைக் குழாய் வேலைக்குத் தகுதியாக்கியவர் ஆன்றி டார்சி. பிரான்சின் திஜோன் நகரில் 1803-இல் பிறந்தவர். 1840-இல் அதே நகருக்குத் தூரத்து ஊற்றிலிருந்து குடிநீர் கொண்டுவந்த பொறியாளர். தண்ணீருக்காகத் தவித்த சொந்த ஊருக்குத் தண்ணீர் தந்தவர் என்பதால் அவருடைய ஆய்வுகளில் எப்போதும் ஒரு நடைமுறை அக்கறை தெரியும். 1849 முதல் 1851 வரை பாரிஸின் ஷையோவில் இரும்பு, ஈயம், கண்ணாடி என்று பலவகைக் குழாய்களை வைத்து அவர் சோதனை நடத்தினார். விட்டம் 12 மி.மீ. முதல் 50 செ.மீ. வரை. புதிய வார்ப்பிரும்புக் குழாயில் ஒரு விதமாகவும், படிவு ஏறிய பழைய குழாயில் வேறு விதமாகவும் தண்ணீர் ஓடுவதை எண்களால் நிறுவினார். குழாய்ச் சுவரின் நிலை ஓட்டத்தைப் பாதிக்காது என்ற அக்காலக் கருத்து அதோடு விழுந்தது.

டார்சி பிட்டோ குழாயில் செய்த மாற்றங்கள் சிறியவை, பலனோ பெரிது. நுனியைக் குறுக்கியதால் நீர்மட்டத்தின் ஆட்டம் அடங்கியது. நடுவில் ஓர் அடைப்பான் வைத்ததால், திருகி மூடியவுடன் மட்டங்கள் அப்படியே நின்றுவிடும். கருவியைத் தூக்கி வெளியே எடுத்து நிதானமாகப் படிக்கலாம். 1858-இல் இறக்கும் வரை அவர் இந்தக் கருவியை மெருகேற்றிக்கொண்டே இருந்தார். நிக்குராட்சே கையில் இருந்தது அதன் வழித்தோன்றல்தான்.

பிட்டோ குழாயின் பெரிய வரம்பு, மெதுவான ஓட்டத்தில் அது ஏறக்குறைய ஊமையாகிவிடுவது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் மட்டத்தை 5 செ.மீ. உயர்த்தும், படிப்பது எளிது. வேகம் 10 செ.மீ.யாகக் குறைந்தால் உயர்வு அரை மி.மீ. மட்டுமே. வேகம் பத்தில் ஒன்றாகும்போது அளவு நூறில் ஒன்றாகிவிடுகிறது. சுவரை நெருங்கும்போது நடப்பது இதுதான்: வேகம் எங்கே மிக முக்கியமோ அங்கே கருவியின் குரல் தாழ்ந்துவிடுகிறது. இது போதாதென்று, நுனியின் மேற்பாதி வேகமான நீரையும் கீழ்ப்பாதி மெதுவான நீரையும் சந்திப்பதால், கருவி காட்டும் அளவு அதன் மையத்தில் உள்ள வேகமாக இருக்காது. வேகம் கூடிய பக்கமாகச் சற்றே தள்ளிய ஓர் இடத்தின் வேகமாக இருக்கும். 1950களில் மேக்மில்லன் நடத்திய சோதனைகளின்படி அந்த விலகல் குழாய் நுனி விட்டத்தில் சுமார் 15 சதவீதம். கேட்பதற்குச் சிறிய திருத்தம். இதே போன்ற திருத்தங்கள்மேல் பின்னாளில் பெரிய வாதமே நடந்தது.

வரிச்சீர் ஓட்டத்தின் கதை வேறு வழியில் போனது. பரவளையத்தின் சூத்திரத்துக்கு வழிவகுத்த சோதனைகளில் வேகப் பரவலை யாருமே அளக்கவில்லை. பாரிஸ் மருத்துவர் பாய்சொய் நுண்குழல்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பி, முடியைவிட மெல்லிய துளையுள்ள கண்ணாடிக் குழல்கள் வரை எடுத்துக்கொண்டு, நேரத்துக்கு எவ்வளவு நீர் வருகிறது என்று மட்டும் அளந்தார். ஜெர்மன் பொறியாளர் ஹாகன் 1839-இல் பித்தளைக் குழாய்களில் அதையே செய்தார். வெளிவரும் நீரின் அளவு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது என்று இருவரும் தனித்தனியே கண்டார்கள். கேம்பிரிட்ஜில் ஸ்டோக்ஸ் 1845-இல் கணித வழியில் பரவளையத்தை அடைந்திருந்தார். சுவரில் திரவம் நகராது என்ற அனுமானத்தோடு கிடைத்த முடிவு அது. ஆனால் அவர் கையில் இருந்த பழைய அளவீடுகளோடு அது பொருந்தவில்லை. அந்த அளவீடுகள் கொந்தளிப்பான ஓட்டத்தில் எடுக்கப்பட்டவை என்பதை அறிய அன்று வழி இல்லாததால், தன் அனுமானத்தின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. சுவரில் வேகம் சுழியா இல்லையா என்பது அதன் பிறகும் வெகுகாலம் திறந்த கேள்வியாகவே இருந்தது. நல்ல அளவீடு ஒன்று கிடைக்காததால் நல்ல கோட்பாடு ஒன்று கிடப்பில் கிடப்பது அறிவியலில் பலமுறை நடக்கிறது. இது அவற்றில் மனதை உறுத்தும் ஒன்று.

இரண்டு வகை ஓட்டங்களையும் கண்ணெதிரே பிரித்துக் காட்டியவர் மான்செஸ்டரின் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ். 1883-இல் அவர் கண்ணாடித் தொட்டிக்குள் எக்காள வாய் வைத்த கண்ணாடிக் குழாயைப் படுக்க வைத்து, தொட்டி நீரை மணிக்கணக்கில் அசையாமல் அடங்கவிட்டு, மெல்லிய சாய இழை ஒன்றை உள்ளே விட்டார். வேகம் குறைவாக இருந்தவரை இழை நேர்கோடாகப் போனது. ஒரு கட்டத்தில் குழாயின் பின்பகுதியில் திடீரென்று சிதறி நீரெல்லாம் நிறமானது. வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி, இயக்கப் பாகுநிலையால் வகுத்துக் கிடைக்கும் எண்தான் (இன்று ரெனால்ட்ஸ் எண்) அந்தக் கட்டத்தைத் தீர்மானிக்கிறது என்று அவர் கண்டார். பொதுவாக 2,000-ஐ ஒட்டி நிகழும் மாற்றத்தை, மிகவும் அமைதியாக நீரை நுழைத்ததால் அவர் சுமார் 13,000 வரை தள்ளிப்போட முடிந்தது. அந்தக் கருவி இன்றும் மான்செஸ்டரில் இருக்கிறது. பிற்காலத்தில் அதே கருவியில் சோதனையைத் திரும்பச் செய்தபோது 13,000-ஐ எட்ட முடியவில்லை. வெளியே சாலையில் போகும் கனரக வண்டிகளின் அதிர்வு போதும், ஓட்டம் முன்னதாகவே குலைந்துவிடுகிறது.

வரிச்சீர் ஓட்டத்தில் பரவளையத்தை அளந்து காட்டுவது எளிது என்று தோன்றும். 10 செ.மீ. குழாயில் தண்ணீரை வைத்து முயன்றால், ரெனால்ட்ஸ் எண் 2,000-க்குள் இருக்க நீர் நொடிக்கு 2 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. நடுவில் 4 செ.மீ. அந்த வேகத்துக்குப் பிட்டோ குழாயில் கிடைக்கும் உயர்வு 0.08 மி.மீ.; மானோமீட்டரில் கண்ணால் படிக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. குழாய்க்குள் நுழைந்தவுடனே பரவளையம் உருவாகிவிடாது. நுழைவில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே வேகம். சுவரின் இழுப்பு மெல்ல மெல்ல உள்ளே பரவி நடுவை எட்ட வேண்டும். ரெனால்ட்ஸ் எண் 2,000 என்றால் அதற்கு விட்டத்தைப் போல சுமார் 120 மடங்கு நீளம் தேவை. 10 செ.மீ. குழாய்க்கு 12 மீட்டர். கல்லூரி ஆய்வகத்தின் நீளமே பல இடங்களில் அவ்வளவு இருக்காது. அதனால்தான் வரிச்சீர் ஓட்டச் சோதனைகளில் தண்ணீருக்குப் பதிலாகப் பாகுநிலை கூடிய எண்ணெயோ, விட்டம் குறைந்த குழாயோ வருகின்றன.

நீளத்தில் சிக்கனம் பிடிப்பதுதான் இத்தகைய சோதனைகளைக் கெடுக்கும் முதல் காரணம். முன்னால் ஒரு முழங்கை வளைவு இருந்தால் வேகத்தின் உச்சம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்; நீர் சுழன்றுகொண்டே வரும்; பல விட்டத் தூரத்துக்கு அந்தத் தடம் அழியாது. குறுக்கே ஒரு விட்டத்தில் மட்டும் அளந்தவருக்கு இது தெரியாமலே போகலாம். செங்குத்தாக இன்னொரு விட்டத்திலும் அளந்து, இரண்டு வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அளந்த வேகங்களை வளையம் வளையமாகப் பரப்பால் பெருக்கிக் கூட்டி, தொட்டியில் பிடித்த அளவோடு ஒப்பிடுவது அடுத்த சோதனை. இரண்டும் ஒத்துவராத அளவீட்டை எவ்வளவு அழகான வரைபடமாக வரைந்தாலும் நம்பக்கூடாது.

அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளில் இதே வேலையை ஏறி நின்று செய்கிறார்கள். வளைவுக்கும் அடைப்புக்கும் அப்பால் எட்டு விட்டம் தள்ளி, மேலே அடுத்த இடையூறுக்கு இரண்டு விட்டம் முன்னால் துளையிட வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் விதி. சாதாரண பிட்டோ குழாயின் நுண்துளையைச் சாம்பல் அடைத்துவிடும் என்பதால், எதிரெதிர்த் திசை பார்க்கும் இரண்டு அகன்ற வாய்கள் கொண்ட எஸ் வகைக் குழாயைச் செருகுகிறார்கள். அளக்கும் புள்ளிகள் சம இடைவெளியில் இருப்பதில்லை. பரப்பைச் சம வளையங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி என்று வைப்பதால், ஐந்து வளையங்களுக்கு அவை ஆரத்தில் 32, 55, 71, 84, 95 சதவீதத்தில் விழுகின்றன. புள்ளிகள் சுவரோரம் நெருங்கி நிற்பதற்குக் காரணம் அந்த 29 சதவீதக் கணக்குதான்.

சுவரை நெருங்கும் முயற்சியில் அடுத்த பாய்ச்சல் ஹாட் வயர். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமன்கூட இல்லாத, 5 மைக்ரோமீட்டர் டங்ஸ்டன் கம்பியை மின்சாரத்தால் சூடாக்கிக் காற்றோட்டத்தில் பிடிக்கிறார்கள். காற்று வேகமானால் கம்பி குளிரும். அதைச் சூடாகவே வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து வேகம் கிடைக்கும். குளிர்தலுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை 1914-இல் கிங் எழுதினார். பிட்டோ குழாய் சராசரியைத்தான் சொல்லும். இந்தக் கம்பியோ நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும் துடிப்பைக்கூடப் பிடிக்கும். 1954-இல் ஜான் லாஃபர் 25.4 செ.மீ. விட்டமுள்ள பித்தளைக் குழாயில் காற்றை ஓடவிட்டு, ரெனால்ட்ஸ் எண் 50,000-இலும் 5,00,000-இலும் சுவரிலிருந்து நடுவரை அந்தத் துடிப்புகளை அளந்து வெளியிட்ட அறிக்கை, கொந்தளிப்பைப் பற்றிய பாடங்களில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. துடிப்பின் உச்சம் குழாயின் நடுவில் இல்லை. சுவருக்கு மிக அருகில் இருக்கிறது. கொந்தளிப்பு பிறக்கும் இடம் அதுவே.

கம்பியும் ஓட்டத்துக்குள் நுழையும் பொருள்தான். சுவருக்கு வெகு அருகே போனால் கம்பியின் சூட்டைச் சுவரும் உறிஞ்சிக்கொள்ளும். வேகம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். எதையும் உள்ளே விடாமல் அளக்கும் வழி 1964-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. யே, கம்மின்ஸ் இருவரும் ஹீலியம்-நியான் லேசர் ஒளியை, நுண்ணிய பாலிஸ்டைரீன் உருண்டைகள் மிதக்கும் நீரில் செலுத்தினார்கள். உருண்டைகளில் பட்டுச் சிதறிய ஒளியின் அதிர்வெண் அவற்றின் வேகத்துக்கேற்ப மிகமிகச் சிறிதளவு மாறியது. லேசர் கண்டுபிடிக்கப்பட்டு நான்கே ஆண்டுகள். இன்றைய கருவிகளில் இரண்டு லேசர் கதிர்கள் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. அங்கே உண்டாகும் ஒளி-இருள் பட்டைகளைத் துகள் கடக்கும்போது மின்னும் வேகத்திலிருந்து அதன் ஓட்டம் தெரிகிறது. அளக்கும் புள்ளி பத்தில் ஒரு மி.மீ. அளவு.

லேசருக்கும் குழாய் ஒரு தொல்லை தருகிறது: அது உருளை வடிவம். வளைந்த கண்ணாடி கதிரை வளைத்து, வெட்டும் புள்ளியை நினைத்த இடத்திலிருந்து நகர்த்திவிடும். அதனால் அளக்கும் இடத்தில் குழாயைச் சுற்றிச் சதுரமான கண்ணாடிப் பெட்டி கட்டி அதிலும் தண்ணீர் நிரப்புகிறார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஒரு படி மேலே போய், 34 மீட்டர் நீளமும் 40 மி.மீ. விட்டமும் கொண்ட குழாயில், அளக்கும் இடத்தின் சுவரையே மெல்லிய படலமாக மாற்றினார்கள். 1997-இல் அங்கிருந்து வெளியான சுவரோர அளவீடுகளும், அதே ஊரில் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு கணினியில் சமன்பாடுகளை நேரடியாகத் தீர்த்துப் பெற்ற வேகப் பரவலும் கோடு பிசகாமல் ஒத்துப்போவதைப் பார்ப்பது இந்தத் துறையில் இருக்கிறவர்களுக்கு ஓர் ஆனந்தம். 2004-இல் அதே டெல்ஃப்டில், துகள்களை அடுத்தடுத்துப் படம் பிடிக்கும் முறையில் குழாயின் குறுக்கு முகம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, கணிதத்தில் மட்டும் இருந்த ஒழுங்கான அலை வடிவங்கள் கொந்தளிப்புக்குள் கணநேரம் தோன்றி மறைவதைக் கண்டார்கள்.

சுவரோரம் எவ்வளவு முக்கியம் என்பதை இன்னொரு கண்டுபிடிப்பும் காட்டுகிறது. 1940களின் இறுதியில் டாம்ஸ் என்பவர், நீண்ட பாலிமர் மூலக்கூறுகளை மிகச் சிறிதளவு கரைத்தால் குழாயின் உராய்வு பெருமளவு குறைவதை அறிவித்தார். பத்து லட்சத்தில் சில பங்கு போதும். 1979-இல் அலாஸ்காவின் நெடும் எண்ணெய்க் குழாயில் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். லேசர் அளவீடுகளில் தெரிந்தது, பாலிமர் ஓட்டம் முழுவதையும் மாற்றுவதில்லை என்பது. பாகுநிலைப் படலத்துக்கும் கொந்தளிப்பான பகுதிக்கும் இடையில் உள்ள பட்டை தடித்துவிடுகிறது; அதனால் வளைகோட்டின் மேற்பகுதி அப்படியே உயர்கிறது.

இனி, மிகப் பெரிய வாதத்துக்கு. 1930-இல் தியோடோர் வான் கார்மனும், அவரை அடுத்து அவருடைய ஆசிரியர் பிராண்டலும் சொன்ன மடக்கை விதி இது: சுவரோரப் படலத்தைத் தாண்டியதும், சுவரிலிருந்து தூரம் பத்து மடங்கு கூடும்போதெல்லாம் வேகம் ஒரே அளவு கூடும். முன்பு சொன்ன 10 செ.மீ. குழாயில் 1 மி.மீ.யிலிருந்து 10 மி.மீ.க்குப் போனால் நொடிக்கு ஏறக்குறைய 27 செ.மீ. ஏறும்; 2 மி.மீ.யிலிருந்து 20 மி.மீ.க்குப் போனாலும் கிட்டத்தட்ட அதே 27. அந்த ஏற்றத்தை நிர்ணயிக்கும் எண் கார்மன் மாறிலி, கப்பா. நிக்குராட்சேயின் அளவீடுகளிலிருந்து அது 0.4 என்று நிலைத்தது. கப்பல், விமானம், காற்றாலை, வானிலைக் கணிப்பு எல்லாவற்றிலும் அந்த 0.4 நுழைந்துவிட்டது.

1990களில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜகரோலா, ஸ்மிட்ஸ் இருவரும் சூப்பர்பைப் என்ற கருவியைக் கட்டினார்கள். 129 மி.மீ. விட்டக் குழாயில் ஓடும் காற்றைச் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 190 மடங்கு வரை அழுத்தினார்கள். காற்று அடர்த்தியாக அடர்த்தியாக அதன் இயக்கப் பாகுநிலை சரியும். ரெனால்ட்ஸ் எண் எகிறும். நிக்குராட்சே எட்டியது 32 லட்சம். இவர்கள் எட்டியது 3.5 கோடி. 1998-இல் அவர்கள் வெளியிட்ட கப்பா 0.436.

உடனே எதிர்ப்பு வந்தது. பேரன்பிளாட், சோரின் ஆகியோர், மடக்கை விதியே சரியல்ல, அடுக்கு விதிதான் பொருந்தும் என்றார்கள்; சூப்பர்பைப்பின் சுவர் போதிய வழவழப்பில்லாததால் உயர்ந்த ரெனால்ட்ஸ் எண்களில் அளவீடு கறைபட்டிருக்கிறது என்பது அவர்கள் வாதம். அந்தச் சுவரின் மேடுபள்ளம் சராசரியாக 0.15 மைக்ரோமீட்டர் மட்டுமே. இருந்தாலும் வாதம் வெறும் பிடிவாதமல்ல. அவ்வளவு உயர்ந்த ரெனால்ட்ஸ் எண்ணில் சுவரோர ஓட்டத்தின் இயல்பான அளவுகோலே 0.13 மைக்ரோமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. நுனி 0.9 மி.மீ. உள்ள பிட்டோ குழாய் அந்த அளவுகோலில் பார்த்தால் ஏழாயிரம் மடங்கு பெரியது. சுவரை நெருங்கவே முடியாத கருவியின் சிறு திருத்தங்களில் கப்பா ஊசலாடியது. 0.3 மி.மீ. நுனியோடு திரும்ப அளந்து, திருத்தங்களைச் சீர்படுத்தி 2004-இல் சொன்னது 0.421. நீளம் 60 மைக்ரோமீட்டரும் தடிமன் 100 நானோமீட்டரும் கொண்ட பிளாட்டினக் கம்பியை அதே ஆய்வகம் உருவாக்கிய பிறகு கிடைத்தது 0.40. இதற்கிடையே தட்டையான பரப்புகளின் மேல் ஓடும் காற்றில் அளந்தவர்களுக்கு 0.38 வந்தது. குழாய்க்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று, செவ்வகக் கால்வாய்க்கு ஒன்று என்று கப்பா வேறுபடுமா என்ற கேள்வியை நாகிபும் சௌஹானும் 2008-இல் முன்வைத்தார்கள். இரண்டாம் தசமத்தில் நடக்கும் சண்டை போலத் தோன்றினாலும், ஆய்வகத்து அளவீட்டை நூறு மீட்டர் கப்பலுக்கு நீட்டிக் கணக்கிடும்போது உராய்வு விசையில் ஓரிரு சதவீதம் இதனால் மாறிவிடும். எரிபொருள் கணக்கில் அது சிறிதல்ல.

இத்தாலியின் போலோஞா பல்கலைக்கழகம் இதற்கு வேறு திசையில் விடை தேடியது. காற்றை அழுத்துவதற்குப் பதிலாகக் குழாயைப் பெரிதாக்குவது. பிரெடாப்பியோ என்ற சிற்றூரில், கப்ரோனி விமானத் தொழிற்சாலைக்காகக் குன்றுக்குள் குடையப்பட்டு, போருக்குப் பின் கைவிடப்பட்ட சுரங்கங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில் 0.9 மீட்டர் விட்டமும் ஏறக்குறைய 111 மீட்டர் நீளமும் கொண்ட குழாயைப் பொருத்தினார்கள். விட்டத்தைப் போல 123 மடங்கு நீளம். மலைக்குள் வெப்பநிலை அவ்வளவாக மாறுவதில்லை. சாலை அதிர்வும் எட்டுவதில்லை. உள்ளே ஓடுவது சாதாரணக் காற்று, நொடிக்கு 60 மீட்டர் வரை. அதன் உச்ச வேகத்திலும் சுவரோர அளவுகோல் சுமார் 11 மைக்ரோமீட்டர். சூப்பர்பைப்பின் உச்சத்தோடு ஒப்பிட்டால் எண்பது மடங்குக்கு மேல் பெரிது. தெரிந்த முறைகளில் செய்த ஹாட் வயர் அங்கே போய் அளக்க முடியும். எட்டும் ரெனால்ட்ஸ் எண் பிரின்ஸ்டனைவிடக் குறைவு என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

தட்டையான பரப்பு இருக்கக் குழாயையே தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கப்பாவைக் கணக்கிட வேகப் பரவல் மட்டும் போதாது. சுவர் ஓட்டத்தை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதும் தனியாகத் தெரிய வேண்டும். தட்டில் அதை அளக்க, எண்ணெய்ப் படலம் எப்படி மெலிகிறது என்று பார்ப்பது போன்ற நுட்பமான முறைகள் தேவை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பிழை. முழுதாக உருவான குழாய் ஓட்டத்தில், இரண்டு துளைகளுக்கு இடையே அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று அளந்து, விட்டத்தால் பெருக்கி, நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் சுவரின் இழுவிசை நேரடியாகக் கிடைத்துவிடும். வேகப் பரவல் பற்றிய எந்த அனுமானமும் அதில் இல்லை. கம்பி சொல்லும் வேகத்தை, அதைச் சாராத இந்த விசையோடு வைத்துப் பார்க்க முடிவதால்தான், 0.40-க்கும் 0.38-க்கும் இடையே உள்ள வேறுபாடு ஓட்டத்தில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்று பிரெடாப்பியோவில் கேட்க முடிகிறது.